நாலில் கால் வைக்கக் கூடாது

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. ஆனால் குறை சொல்வது என் இயல்பல்ல. ஒரு வருடமாக மனைவியோடு சால்சா நடன வகுப்புக்குப் போகிறவன் நான். அங்கே யார் என்ன தப்புச் செய்தாலும் வாயைத் திறந்ததில்லை. டீச்சரையே விசாரித்துப் பாருங்கள். விசாரித்துவிட்டீர்களா? நல்லது.

சால்சா உங்களுக்குத் தெரியாது என்றீர்கள். ஒன்றும் கஷ்டமில்லை, எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்றில் கால் வைக்க வேண்டும். நாலில் வைக்கக் கூடாது. ஐந்து, ஆறு, ஏழில் வைக்க வேண்டும். எட்டில் வைக்கக் கூடாது. ஒன்றில் ஆண் இடது காலை முன்னால் வைத்தால் பெண் வலது காலைப் பின்னால் வைப்பாள். ஐந்தில் அவன் பின்வாங்குவான், அவள் முன்னால் வருவாள். மீதி எல்லாம் இடுப்பு. இடுப்பை மன்னித்துவிடலாம். நாலில் கால் வைப்பதை மன்னிக்க முடியாது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரு கணம் சும்மா இருக்க வேண்டிய இடம் அது. சும்மா இருக்கத் தெரியாதவனை நம்பி வேறு எதை ஒப்படைக்க முடியும்?

வகுப்பு ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, இன்னொரு சுவர் முழுக்கச் செருப்பு. பாட்டு தொடங்கும்போது டீச்சர் ஒரு முறை பளிச்சென்று கை தட்டுவார். அதைக் கேட்டு நான் தயாராகி, அடுத்த தாளத்தில் ஒன்று என்று காலெடுத்து வைப்பேன். கை தட்டுவது கூப்பிடுவதற்குத்தானே? கூப்பிட்ட அந்த நொடியே யாராவது போய் நிற்பார்களா? டீச்சர் வாய்விட்டு எண்ணும்போதும் என்னைவிட ஒன்று முந்தியே இருப்பார். அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். ரயில் நிலையத்தில் சொல்வதில்லையா, அப்படி.

சில வாரங்களில் எனக்கு ஓர் உண்மை தெரியவந்தது. வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் நாலில் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் வைத்தார். பல் டாக்டரின் மனைவி வைத்தார். டீச்சரே வைத்தார். மாணவர்கள் மனம் நோகக் கூடாதென்று அவரும் கூடச் சேர்ந்து தப்பாக ஆடுகிறார் என்று நினைத்தேன். பெரிய மனசு.

இந்த நிலையில்தான் மாமா வந்து சேர்ந்தார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மாமி போன பிறகு எங்களோடுதான் இருந்தார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தது. லேசாக உடம்பை அசைக்கலாம் என்று டாக்டர் சொன்னதை வைத்து, என் மனைவி அவரை வகுப்புக்கு இழுத்து வந்தாள். முதல் நாளே எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். கியர் மாற்றுகிற மாதிரி இடுப்பை மாற்றினார். டீச்சர் கைதட்டிச் சிரித்தார். கண்ணாடியில் நான் பார்த்தேன். ஒவ்வொரு நாலிலும் டக்கென்று ஒரு கால்.

வீட்டில் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "மாமா, நாலுல நிக்கணும்."

"நிக்கிறேனே மாப்ள. ஸ்டாப்ல நிக்காம போற டிரைவரா நானு?" என்றார். "உங்களப் பார்த்தாதான் எனக்கு பாவமா இருக்கு. பஸ்ஸ விட்டுட்டுப் பின்னாலயே ஓடி வர்ற ஆள் மாதிரி ஆடுறீங்க."

என் மனைவி சிரித்தாள். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு எனக்கு உண்டு.

பிறகு ஆண்டு விழா வந்தது. ஜோடி ஜோடியாக மேடை ஏற வேண்டும். என் மனைவி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அப்பாகூட ஆடுறேங்க. கோச்சுக்காதீங்க."

"ஏன்?"

"ஏன்னா? என் கட்டைவிரல் நகத்தப் பாருங்க. கறுத்துப்போச்சு. ஒரு வருசமா மிதிக்கிறீங்க."

நான் மிதிக்கவில்லை, ஐயா. என் கால் போக வேண்டிய இடத்தில் அவள் கால் இருந்தது. இருந்தாலும் சரி என்றேன். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிற மேடம் அங்கே பொறாமை என்று அடித்துவிட்டார் போலிருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பொறாமை எல்லாம் இல்லை. என் மனைவி, ஊர் பார்க்க, தாளம் தப்பிய ஒருவரோடு மேடை ஏறப் போகிறாள். கணவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா?

என் வேலை உங்களுக்குத் தெரியும். இதய மருத்துவமனையில் பேஸ்மேக்கர்களைச் சோதிக்கிறேன். நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்தால், உள்ளே இருப்பது எப்படித் துடிக்க வைக்கிறது என்று திரையில் தெரியும். மாற்ற வேண்டியதை மாற்றவும் செய்யலாம். மாமாவின் சோதனை நாள் விழாவுக்கு முந்தைய வாரம் வந்தது. நானாக வரவழைக்கவில்லை. அட்டையில் போட்டிருந்த தேதி அது.

மாமா சட்டையைத் திறந்துவிட்டுப் படுத்தார்.

"பார்த்துப் பண்ணுங்க மாப்ள. உங்க வீட்டம்மா சின்னப் பிள்ளையில இந்த நெஞ்சு மேலதான் தூங்குவா. வேற எங்க போட்டாலும் அழுகை."

"ஒண்ணும் ஆகாது மாமா," என்றேன்.

காலுக்கு எவ்வளவு சொன்னாலும் கேட்காது. உள்ளே இருந்து வர வேண்டும். எனவே நாலாவது துடிப்பையும் எட்டாவது துடிப்பையும் எடுத்துவிட்டேன். மற்ற ஆறையும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். உறுதியா என்று திரை கேட்டது. உறுதி என்று அழுத்தினேன். மறுபடியும் கேட்டது. இயந்திரத்துக்குக்கூடத் தாளம் புரிவதில்லை.

அந்த வாரம் மாமா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தார். குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கக் கற்றுக்கொள்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. வாங்கப்பா, டாக்டர்கிட்ட போயிரலாம்," என்றாள் மனைவி.

"அட, மாப்ள இப்பதானே பார்த்தாரு? வண்டி கண்டிஷனா இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு. இல்ல மாப்ள?"

"ஆமா மாமா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதால் நம்பினாள். எங்களுக்குள் அப்படி ஒரு புரிதல் உண்டு.

விழாவில் மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முன்வரிசையில் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்து, அடிக்கு ஒரு தட்டாகத் தட்டி உற்சாகப்படுத்தியது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். நானும் தட்டினேன். மாமா மகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் திரும்பி வரும்போது பிடிப்பதற்காகக் கையை நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் நின்றார். அவ்வளவு அழகாக அதற்கு முன் அவர் நின்றதே இல்லை.

ஐந்துக்கு வரவில்லை.

அவள் சுற்றி முடித்துத் திரும்பியபோது அங்கே கை இல்லை. அதன் பிறகு அவள் அவர் நெஞ்சின் மேல்தான் படுத்திருந்தாள். தூக்கிவிடப் பல் டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

செய்தது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

விழா வீடியோவை இன்னொரு முறை போட வேண்டியதில்லை, ஐயா. பார்த்தேன். டீச்சர் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார் என்றும், மாமா ஒரு நாலில்கூடக் கால் வைக்கவில்லை என்றும், விழுந்ததே ஐந்தில் என்றும் சொல்கிறீர்கள். முன்வரிசை மொத்தமும் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் என் கை மட்டும் தட்டுகிறது என்கிறீர்கள். ஆமாம், நன்றாகவே தெரிகிறது. அத்தனை பேரும் தப்பு. அவ்வளவு பேரையும் தனியொருவன் எப்படித் திருத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.