படிக்கட்டுக் காட்சி

படப்பிடிப்பில் நான் யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. விளக்குத் தூக்குகிறவரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள். மழையில் ஒரு நாள் வேலை பாழானாலும், "பரவாயில்லை, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்பதோடு சரி. சர்வாதிகாரியைப் பற்றித் தொடர் எடுக்கிறவன் கடைசியில் தானே ஒரு குட்டிச் சர்வாதிகாரியாகி நிற்கக் கூடாது என்பதில் நான் முதல் நாளிலிருந்தே கவனமாக இருந்தேன்.

"நான்தான் தள்ளினேன்" என்று சொன்னதற்குப் பிறகு அண்ணி வாயே திறக்கவில்லை என்று வக்கீல் சொன்னார். அண்ணி சொன்னது பொய்யில்லை. ஆனால் அது கடைசியில் நடந்தது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஐயா.

அண்ணன் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தக் காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது நாட்டை ஆண்ட தலைவர் பேச ஆரம்பித்தால் கடையில் இருக்கிற எல்லா டிவியும் ஓட வேண்டும், சத்தமாக ஓட வேண்டும். ஒரு மதியம் யாரோ போனில் கூப்பிட, பேச்சுக் கேட்கவில்லை என்று அண்ணன் வரிசையாக எல்லா டிவியின் சத்தத்தையும் குறைத்தார். அவ்வளவுதான் அவர் செய்த அரசியல். மறுநாள் கடையிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா அப்பா இல்லாமல் பள்ளிக்கூடப் பையோடு அந்த வீட்டுக்கு வந்தவன். அண்ணன் போன பிறகும் அண்ணி என்னைப் போகச் சொல்லவில்லை. தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் தைத்து என்னைப் படிக்க வைத்தார். நான் சினிமா படிக்கப் போகிறேன் என்றபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதுல சோறு கிடைக்குமா தம்பி?"

அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடையில் வேலை இழுத்துக்கொண்டால் வீட்டுக்குப் போன் பண்ணி, "நீ சாப்பிட்டுப் படு. நான் வர்றப்ப வர்றேன்" என்பார். அண்ணி சரி என்று போனை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு மாதிரி. அண்ணன் போன பிறகும் கடை மூடுகிற நேரம் தாண்டித்தான் அண்ணி தட்டு எடுப்பார்.

ஆட்சி கவிழ்ந்து சிறைக் கதவைத் திறந்துவிட்டார்கள் இல்லையா, அன்றைக்கு அண்ணனின் சட்டை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு அண்ணி சிறை வாசலில் போய் நின்றார். நானும் கூட நின்றேன். வருகிறவர்களெல்லாம் வந்து முடிந்தார்கள். அப்படி ஒருவர் இங்கே இருந்ததாகவே பதிவில்லை என்றார்கள். பதிவில்லை என்றால் செத்ததற்கும் பதிவில்லை, அண்ணி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"செத்துட்டார்னு எவனாவது ஒருத்தன் என் முகத்தப் பாத்து சொல்லட்டும். அப்ப நம்புறேன்" என்றார்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இது அவருடைய வாயால் சொன்னது.

தொடருக்கு வருகிறேன். கொடுங்கோலர்களைப் பற்றி நான் பார்க்காத படமில்லை. எல்லாவற்றிலும் ஒரே குறை. பூட்ஸைக் கீழேயிருந்து காட்டுவார்கள், பின்னால் முரசு அடிக்கும், அவன் மெதுவாகத் திரும்புவான். படம் முடிந்து வெளியே வருகிற பையன்கள் அவன் மாதிரி நடந்து பார்ப்பார்கள். சிறை வாசலில் நின்ற பொம்பளை மாதிரி நின்று பார்த்தவன் எவனாவது உண்டா? என் தொடரில் அவள்தான் மனதில் நிற்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். அதற்காகவே தலைவர் வேடத்துக்கு ஒரு சிரிப்பு நடிகரைப் போட்டேன்.

அவரைத் தளத்தில் எல்லோரும் தலைவர் என்றே கூப்பிட்டோம். தங்கமான மனிதர். உடை தைக்க நான்தான் அண்ணியைக் கூட்டிவந்திருந்தேன். முதல் நாள் அளவெடுக்கும்போது அண்ணி நாடாவை இரண்டு தடவை கீழே தவறவிட்டார். அவர் கவனித்திருப்பார். "அம்மா, இடுப்புல கொஞ்சம் தாராளமா விடுங்க. ஊரையே நடுங்க வெச்சாலும் எனக்குப் பசி பசிதான்" என்றார். அண்ணி சிரித்தார். அண்ணன் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. மானிட்டர் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள். வேலை முடிந்தால் அண்ணியை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவார். ஒருநாள் மீசையைக் கழற்ற மறந்து போய்விட்டார். பஸ்ஸிலிருந்த ஒரு கிழவர் அவரைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டாராம். இவர் ஜன்னல் வழியாக மீசையைப் பிய்த்துக் காட்டி, "உக்காருங்க ஐயா, ஒட்டு மீசைதான்" என்று கும்பிட்டாராம். அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது சிரிப்பும் அழுகையுமாக இருந்தார்.

சிறைக் காட்சிகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு பழைய சிறைக் காவலரை வைத்திருந்தேன். சாவிக் கொத்தை எந்தக் கையில் பிடிப்பார்கள், கைதியை எப்படித் திரும்பச் சொல்வார்கள், இதெல்லாம் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் தானாகவே ஒரு கதை சொன்னார். தலைவர் பேசப்போகிற நாளில் காவலர் அறை டிவி கெட்டுப்போய்விட்டதாம். பேச்சைப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் காவலருக்கே சிறைதான். கைதிகளில் ஒரு டிவி மெக்கானிக் இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்து அவனை இழுத்து வந்தார்கள். ஒரு ஸ்பூன் காம்பை வைத்துக்கொண்டே சரிபண்ணிவிட்டானாம்.

"சிகரெட் குடுத்தோம் சார். வேணாம்னுட்டான். பொண்டாட்டிக்கு ஒரு சேதி சொல்லணும்னான். நீ சாப்பிட்டுப் படு, நான் வர்றப்ப வர்றேன். இதுதான் சேதி. என்னடா இது சேதின்னு சிரிச்சோம். சொல்றேன்னு சொன்னேன், மறந்துட்டேன். மறுநாள் காலையில அவன் பேரைக் கூப்பிட்டாங்க."

கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை என்றார். எப்போது நடந்தது என்றேன். பிடித்துக்கொண்டு வந்த அதே குளிர்காலம் என்றார்.

அது என் அண்ணன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவரும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவர் தலைவரின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா முகம் வாடியிருக்கு?" என்றார். வெயில் என்றேன். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது சொல்லாதது அவர் மேல் இருந்த பாசத்தால். இது சத்தியம். பிறகு சொல்லாததற்குத்தான் காரணம் வேறு.

சிறை வாசலில் காத்திருக்கிற பெண்ணாக நடித்த நடிகை நன்றாக அழுதார், ரொம்ப நன்றாக. அதுதான் பிரச்சினை. எடுத்த வரைக்கும் பார்த்த சேனல் அதிகாரி, "எல்லாம் சரி, எங்கயும் வலிக்கலையே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நடிகையை நல்லபடியாகவே பேசி அனுப்பினேன். அண்ணியை நிற்கச் சொன்னேன்.

"எனக்கு நடிக்கல்லாம் வராது தம்பி."

"நடிக்க வேணாம் அண்ணி. நீங்க சும்மா நின்னா போதும். அண்ணனுக்காக."

அண்ணனுக்காக என்றதும் ஒத்துக்கொண்டார். வாசல் காட்சிகளில் அவர் நின்ற மாதிரி இந்த ஜென்மத்தில் எந்த நடிகையும் நிற்க முடியாது. ஆனால் முகத்தில் நம்பிக்கை இருந்தது, ஐயா. வந்துவிடுவார் என்கிற நம்பிக்கை. அது உடைகிறதை எடுக்காமல் தொடரை முடிக்க முடியாது.

கடைசிக் காட்சி, மாளிகைப் படிக்கட்டு. காவலைத் தாண்டி அந்தப் பெண் மேலே ஓடிவந்து தலைவரிடம் தன் புருஷனைக் கேட்கிறாள். எழுதியிருந்தபடி அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட வேண்டும். அன்று காலை தலைவரைத் தனியாக மேக்கப் அறையில் பார்த்து ஒரு வசனம் கொடுத்தேன். படித்துப் பார்த்தார். "அடப்பாவி, என்ன ஒரு சேதி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தம்மாவுக்கு இந்த வசனம் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"நான் கட் சொல்ற வரைக்கும், என்ன ஆனாலும் தலைவராவே இருங்க. அவங்க சட்டையப் பிடிச்சாலும் விட்டுடாதீங்க" என்றும் சொன்னேன். சரி என்றார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற மனிதர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படியின் மேல்தளத்தில் இருந்த கைப்பிடிச் சுவர் கல் இல்லை, ஒட்டுப்பலகை. கல் மாதிரி வண்ணம் அடித்தது. அது ஆள் பாரம் தாங்காது, யாரும் சாயக் கூடாது என்று கலை இயக்குநர் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். காட்சி செயற்கையாகிவிடும்.

முதல் டேக்கிலேயே எல்லாம் சரியாக அமைந்தது. அண்ணி ஓடிவந்தார். கேட்டார். தலைவர் நின்று, நிதானமாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உன் புருஷனா? அவன் எப்பவோ முடிஞ்சுட்டான். எங்க டிவியைச் சரிபண்ணிக் குடுத்துட்டு ஒரு சேதி சொல்லிட்டுப் போனான். நீ சாப்பிட்டுப் படுவியாம். அவன் வர்றப்ப வருவானாம்."

அண்ணியின் முகத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அந்த முகம் என்ன ஆயிற்று என்று சொல்ல என்னிடம் வார்த்தையில்லை. பதிவில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு அண்ணனுக்கும் அண்ணிக்கும் அந்த வீட்டுச் சுவருக்கும் மட்டும் தெரிந்தது. அண்ணியைப் பொறுத்தவரை முன்னால் நின்றது தன்னை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிற மனிதர் இல்லை. உண்மையான ஆள். அந்தச் சீருடையைத் தைத்ததே தான்தான் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று.

அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்தார். "எங்க புதைச்ச? சொல்லு, எங்க புதைச்ச?" என்று கேட்டபடியே பின்னால் தள்ளிக்கொண்டு போனார். தலைவருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்துவிட்டது. ஆனாலும் தாடையை இறக்கவில்லை, தலைவராகவே நின்றார். ஒரே ஒரு தடவை மட்டும் அண்ணியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். போதுமா என்று கேட்கிற பார்வை.

எனக்கு நேரம் இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கைப்பிடிச் சுவர் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததையும் பார்த்தேன். ஒரு சொல்தான், ஒரே எழுத்து மாதிரி ஒரு சொல். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மானிட்டரில் அண்ணியின் முகம் இருந்தது.

பலகை முறிந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அண்ணியை ஒரு விளக்குக்காரர் பாய்ந்து பிடித்துவிட்டார். தலைவர் கீழே சிமெண்ட் தரையில் தலை அடிபட விழுந்தார்.

அண்ணி படியிறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கசங்கிப்போன காலரை நீவி விட்டார். "ஐயா, எந்திரிங்க. பஸ் போயிரும்" என்றார். இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"தம்பி, அந்தச் சேதி நிஜமா?"

"நிஜம் அண்ணி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்ற அன்றைக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தாரே, அதே மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கட் சொன்னேன்.

ஆகவே, கொன்றது நான்தான். அண்ணியின் கையை எடுத்து நான் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிடுங்கள். தலைவரின் மனைவி வந்து என் முகத்தில் காறித் துப்பினாலும் துடைக்க மாட்டேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி இல்லாத அந்த வீட்டில் விளக்குப் போடவே கை வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஒருத்தன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டவர் அவர்தான். இத்தனை வருஷத்தில் அதைச் செய்து கொடுத்தவன் நான் ஒருத்தன்தான். இனிமேலாவது அவர் நேரத்துக்குச் சாப்பிடலாம்.

பதிவு உங்களிடம் இருக்கிறது. அண்ணியைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய சாட்சி இல்லை, நீதிமன்றத்தில் தாராளமாகப் போட்டுக் காட்டுங்கள். வழக்கு முடிந்த பிறகு ஒரு பிரதி மட்டும் கிடைக்குமா? அண்ணன் மாதிரிப் போனவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்காகத்தான் கேட்கிறேன். தலைவர் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வையை மட்டும் வெட்டிவிடலாம். மற்றதெல்லாம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.