மூச்சு மட்டும் என்னுடையது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அன்று ஹாலில் இருந்தது நாம் நான்கு பேர். நீங்கள் ஜன்னலோர நாற்காலியில், வெளியே கிளம்பப் போட்ட சட்டையோடு. உட்கார அத்தனை இடம் இருந்தும் உங்கள் மகள் குட்டி, சோபாவின் கைப்பிடியில். சோபாவின் மறு ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த அம்மா. ஸ்பீக்கர்களுக்கு நடுவில், தரையில் நான். சத்தம் உங்கள் காதுக்கு நேராக வர வேண்டும் என்று ஸ்பீக்கர்களுக்குக் கீழே பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கியிருந்தேன்.

நடந்ததை எழுதும்போது யார் யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுத வேண்டும், பிறகு காரணம், பிறகு மன்னிப்பு, கடைசியில் கையெழுத்து என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வரிசையை மாற்றாமல் எழுதுகிறேன்.

காரணத்துக்கு வர, என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "கீழே உக்காந்து என்னதான் பண்றீங்க மச்சான்?" என்று நீங்கள் பலமுறை கேட்டும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சோப்புத் தூள் விளம்பரத்துக்கும் லிஃப்ட்டுக்கும் இசை அமைக்கிறேன். லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் இறங்கினால் போதும் என்று நினைப்பது என் இசையால்தான் என்று தங்கச்சி சொல்வாள். அதில் உண்மை இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒலியைக் குருணை குருணையாக உடைக்க, பிளகின் என்று குட்டி மென்பொருள்கள் உண்டு. அரிசியை உடைப்பது போலத்தான். ஒரு வயலின் ஓசையை ஆயிரம் துணுக்காக்கி, இறைத்து, நீட்டி, மறுபடி சேர்த்துக் கொடுக்கும். எதை வாங்குவது என்று நான் ஆறு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒன்று எதைக் கொடுத்தாலும் மழை மேகமாக்கிவிடும். ஒன்றில் எழுபது குமிழ்கள், எதைத் திருகினாலும் மாவரைக்கும் சத்தம். இன்னொன்று ஓர் எழுத்தின் ஓசையை அப்படியே உறைய வைத்து மணிக்கணக்கில் நிறுத்தும். இவற்றை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன், நட்சத்திரம் கொடுத்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு பாட்டும் போடவில்லை. இசையமைப்பாளர் வேலையில் பெரும்பகுதி இதுதான், மாப்பிள்ளை. வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஒப்பிடுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. எல்லாப் பிளகினுக்கும் ஒரே ஒலியைத்தான் கொடுப்பேன். ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தால் பரீட்சை நியாயமாக இருக்காது. அந்த ஒரே ஒலியாக என் போனில் கிடந்த ஒரு வாய்ஸ் மெசேஜை எடுத்தேன். கைக்கு வந்தது அதுதான். தங்கச்சி கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அனுப்பியது. முக்கால் நிமிடம்.

நல்ல பதிவு என்று சொல்ல முடியாது. பின்னால் மிக்ஸி ஓடுகிறது. நடுவில் உங்களுக்கு "ஆமாங்க, இதோ வர்றேன்" என்கிறாள். குட்டியைக் கேட்டைச் சாத்தச் சொல்கிறாள். வாக்கியத்துக்கு வாக்கியம் ஏதோ இரைச்சல். முதல் வேலையாக இரைச்சலை எல்லாம் துடைத்தேன். குரல் கண்ணாடி மாதிரி வந்தது. அதைக் குருணையாக்கி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கவனித்தேன். அந்த உறைய வைக்கிற பிளகின் ஒட்டுப்போட்ட இடத்தை மறைப்பதில் கெட்டிக்காரன். இந்த வார்த்தையின் வாலையும் அந்த வார்த்தையின் தலையையும் சேர்த்தால், பெற்ற தாய்க்கும் தையல் தெரியாது. அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் நீங்கள் படியிறங்கி வந்து, கதவில் சாய்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினீர்கள்.

"மச்சான், நான் அந்தக் கண்ணாடிக் கடைக்காரங்களக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். குட்டிக்கும் சம்மதம். வீட்டை வித்துட்டு அவங்க கடைப் பக்கமா போயிடலாம்னு…"

"நல்ல விஷயம்தானே" என்றேன்.

"உங்க ரூம்தான் யோசனையா இருக்கு."

"என்னைப் பத்தி யோசிக்காதீங்க" என்றேன். அதை நான் உண்மையாகத்தான் சொன்னேன். யோசிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் இருக்கும் அந்த அறையைப் பற்றி நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டியிருக்கிறேன். மூன்று ஜன்னல்களையும் பலகை வைத்து அடைத்தேன். அப்படி ஒரு அமைதி இந்தத் தெருவில் எங்கும் கிடையாது. லிஃப்ட் இசைக்கு அவ்வளவு அமைதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் மனிதனுக்கு ஒன்றாவது வேண்டாமா?

மெசேஜில் ஓரிடத்தில் "வீட்டை விக்க" என்று வருகிறது. இன்னோரிடத்தில், நான் வாங்கி வருவதாகச் சொன்ன பலகாரத்துக்கு, "வேண்டாம்" என்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். மீதியைப் பிளகின் பார்த்துக்கொண்டது. "அண்ணா இங்க இருக்கணும்" என்றும் சேர்க்கப் பார்த்தேன். கேட்டபோது அது அதிகப்படியாகத் தோன்றியது, எடுத்துவிட்டேன். எனக்கும் ஓர் அளவு உண்டு. ட்ரையல் வெர்ஷன் என்பதால் நடுவில் நடுவில் 'பீப்' அடித்தது. இறந்தவள் பேச்சில் பீப் மரியாதையாக இல்லை என்று முழு விலை கொடுத்து வாங்கினேன். திருட்டு மென்பொருளை நான் தொடுவதில்லை. அதில் கண்டிப்பு.

பழைய போனில் கிடைத்தது என்று சொல்லி உங்களை உட்கார வைத்தேன். அந்த அம்மாவும் வரட்டும் என்றது நான்தான். மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. போட்டேன். "வீட்டை விக்க வேண்டாம்." அவ்வளவுதான். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தீர்கள், மறுபடி உட்கார்ந்தீர்கள். அந்த அம்மா கைப்பையைத் திறந்தார், ஒன்றும் எடுக்கவில்லை, மூடினார். "நான் வர்றேங்க" என்று எழுந்து போனார். நீங்கள் வாசல்வரைகூடப் போகவில்லை.

குட்டி மட்டும் கைப்பிடியில் இருந்தபடியே சொன்னாள்: "அம்மா மூச்சே விடல, மாமா."

"சின்ன கிளிப்தானே" என்றேன்.

"அம்மாவுக்கு சின்ன கிளிப்பெல்லாம் கிடையாது. அவங்க 'ம்'னு சொல்றதுக்கே ரெண்டு தடவை மூச்சு வாங்குவாங்க."

சின்னப் பெண்ணின் காது. தொழிலுக்கு வந்திருந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பாள். குறை சொன்னால் நான் கோபப்படுகிற ஆள் இல்லை, திருத்திக்கொள்வேன். அடுத்து நீங்கள், "வேற ஏதாச்சும் இருக்கா மச்சான், ஒரு வார்த்தை போதும்" என்று படியில் உட்கார்ந்து கேட்டபோது, மூச்சோடு ஒன்று செய்து கொடுத்தேன். பிறகு இன்னொன்று. நீங்கள் கேட்கக் கேட்கக் கொடுத்தேன். நீங்கள் சாப்பிட ஆரம்பித்தீர்கள், முகம் தெளிந்தது. ஒரு பிளகினுக்கு இதைவிட நல்ல மதிப்புரை இருக்க முடியாது.

மூச்சுக்கு எங்கே போனேன் என்று கேட்பீர்கள். நான் துடைத்த இரைச்சல் என்றேனே, அது அவள் மூச்சுதான். மெசேஜ் முழுக்க இழுத்து இழுத்து விடுகிறாள். எடுத்து வைத்துப் பார்த்தேன். கேட்கச் சங்கடமாக இருந்தது, இசைக்கு ஒத்து வரவில்லை. அதனால் மைக் முன் உட்கார்ந்து ஆரோக்கியமான மூச்சு நாலைந்து விட்டு, அதைப் பொடித்து அவள் வார்த்தைகளுக்கு நடுவே தூவினேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போன வாரம் குட்டி கீழே வந்து, என் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக் கேட்டாள். சிரித்தாள் என்றே சொல்லலாம்.

"மாமா, இது உங்க மூக்கு."

"என்ன உளர்றே?"

"வேலை செய்யும்போது உங்க மூக்குல ஒரு விசில் வரும். குக்கர் வைக்கலாமான்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க. அந்த விசில் இதுல இருக்கு." பிறகு சிரிப்பு போய்விட்டது. "அந்த ஆன்ட்டி இன்னும் அப்பாவுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்களே அப்பாகிட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்."

பிளகின்களை அலசி அலசி நட்சத்திரம் கொடுத்தவன், சொந்த மூக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. அதை நினைத்து இரண்டு நாள் வெட்கப்பட்டேன். அதனால் இந்தக் கடிதம்.

முழுசாகச் சொல்வது என்றால் அந்த மெசேஜையும் எழுத வேண்டும். நடுவில் உங்களுக்கும் குட்டிக்கும் சொன்னதை விட்டுவிட்டு, எனக்குச் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"அண்ணா, பலகாரம் எதுவும் வேண்டாம், நீ சீக்கிரம் வா. கீழ் ரூம் ஈரம் மேலவரைக்கும் ஏறிடுச்சு. ஜன்னலைத் தொறன்னா நீ கேக்கல. டாக்டர் இங்க இருக்கவே கூடாதுங்கிறார். வீட்டை விக்கச் சொல்லி குட்டி அப்பாகிட்ட நீதான் பேசணும். நான் சொன்னா, மச்சான் எங்க போவார்னு உனக்காகத் தயங்குறார். கோவிச்சுக்காத. மன்னிச்சிடு அண்ணா, வேற வழி தெரியல."

நான் உங்களிடம் பேசவில்லை. பேசலாம் என்றுதான் இருந்தேன். கையில் ஒரு விளம்பர வேலை இருந்தது, ரூம் தேவைப்பட்டது. அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. ஜன்னல்களை அடைத்தது நான். மூச்சு விட முடியாமல் கேட்டவளின் மூச்சைத் துடைத்து, அவள் கேட்டதற்கு நேர் எதிராக அவளையே பேச வைத்ததும் நான். கோர்வையாக எழுதும்போது கொஞ்சம் மோசமாகத்தான் தெரிகிறது. செய்யும்போது தனித்தனி வேலைகளாக இருந்தன.

இனி மன்னிப்பு. உறையில் ஒரு பென்டிரைவ் வைக்கத்தான் இடம் இருக்கிறது. அவளுடைய அசல் மெசேஜை வைக்கலாம் என்று எடுத்தேன். மறுபடி கேட்டுப் பார்த்தேன். மிக்ஸி, இரைப்பு, இரைச்சல். உங்களை நோகடிக்கும். அதை அனுப்ப மனசு வரவில்லை, எடுத்து வைத்துவிட்டேன். பதிலாக நேற்று முடித்த ஒன்றை வைத்திருக்கிறேன். ஐந்து வினாடிதான். 'அண்ணா', 'மன்னிச்சிடு' இரண்டும் அவளே சொன்னவை. உங்களுக்குச் சொன்ன 'ஆமாங்க, இதோ வர்றேன்' என்பதிலிருந்து 'ங்க'வையும் 'வ'வையும் மட்டும் எடுத்து ஒட்டினேன். "அண்ணாவ மன்னிச்சிடுங்க" என்று தெளிவாகக் கேட்கும். இந்த முறை மூக்கைச் சிந்திவிட்டு மூச்சு விட்டேன், விசில் இருக்காது.

உறையை ஒட்டிவிட்டேன். இந்தக் கடைசி வரிகளை உறையின் முதுகில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிடுவேன். எனக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளை. அவள் கேட்கிறாள், அவள் பேச்சை நாம் தட்டியதில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்