கல்லுக்கு உடையாத போல்ட்

எங்கள் டிராக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு. ஆனால் குளிர்காலக் காலையில் என்னைவிடச் சுலபமாக எழுந்துகொள்ளும். நடந்ததில் அதற்குப் பங்கில்லை, ஷெரீஃப். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பண்ணையில் நானும் தம்பி மெர்லும் மட்டும்தான். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு வேலிப் பைத்தியம். பனி உருகியதும் ஏதாவது ஒரு வேலியைப் பிடுங்கி வேறெங்காவது நடுவான். நான் டிராக்டரில் உட்கார்ந்து, பின்னால் தொங்கும் குழி போடும் மெஷினை இறக்கி ஏற்றுவேன். கன்சாஸில் எங்கள் பக்கம் அரையடிக்குக் கீழே கல். அதனால் அவன் மெஷினின் மேல் சாய்ந்து, தன் பாரத்தைக் கொடுத்து அழுத்துவான்.

கல்லில் மாட்டினால், டிராக்டரிலிருந்து மெஷினைச் சுழற்றும் ஷாஃப்டில் ஒரு சின்ன போல்ட் உடையும். மெஷின் தப்பிக்க, தான் உடைவதற்கென்றே செய்த மெலிந்த போல்ட் அது. ஒவ்வொரு தடவையும் இறங்கி, குனிந்து, புதிதாக மாட்டுவது என் வேலை. நேற்றுக் காலையில் உடையாத இரும்பில் ஒன்று போட்டேன். நீளம் அதிகம்; நுனி ஒரு விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஷாஃப்டின் மூடியை மெர்ல் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டான். ரம்பம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் நுனியை அறுக்கவில்லை. அவன் கோட்டின் கை கிழிந்து தொங்கியது, அதையும் தைக்கவில்லை. அலுப்பாக இருந்தது.

"என்னக்கா, காலைலேர்ந்து ஒரு போல்ட்டும் உடையல. அதிசயமா இருக்கே?"

"நல்லதா பாத்துப் போட்டேன்டா."

"இத முன்னாடியே செஞ்சிருந்தா என் தலைல பாதி முடியாவது மிஞ்சியிருக்கும்."

சிரித்தான். அடுத்த குழிக்கு நகர்ந்தபோது அவனாகவே சொன்னான்:

"இதுதான்க்கா கடைசி வேலி. ஈஸ்டர் வந்ததும் மாட்டையெல்லாம் வித்துடலாம். நீ டவுனுக்குப் போயிடு. ஹீட்டர் வெச்ச வீடா பாக்கறேன்."

பல வருடங்களாக நான் கேட்டது அதைத்தான். மெர்ல் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. "சரிடா" என்று மெஷினை இறக்கினேன். அவன் சாய்ந்தான்.

கோட்டின் கை போல்ட்டில் மாட்டியது.

"அக்கா, கிளட்ச்சு."

அந்த வண்டியில் கிளட்சை மிதித்தால் சக்கரம், ஷாஃப்ட், எல்லாம் நின்றுவிடும். முழங்கால் மடங்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் பாவம் என்றீர்கள். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. பாதம் கிளட்சின் மேல்தான் இருந்தது. இன்னொரு தடவை "அக்கா" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். அதற்குப்பின் கூப்பிடவில்லை. கோட்டோடு அவனையும் ஷாஃப்ட் சுற்றி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மிதித்தேன்.

வெறுப்பில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். அவனும் ரொம்பக் களைத்துப்போயிருந்தான். ஓய்வு எங்கள் இரண்டு பேருக்குமே தேவைப்பட்டது.