யார் கடை முன்னாடியும் நிக்காத பஸ்

சத்தியமாச் சொல்றேன் தம்பி, நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா, இந்தக் குடைக்கம்பி அத்தனையும் இப்பவே துருப்பிடிச்சுப் போகட்டும்! ஏற்கெனவே துருப்பிடிச்சதுதானேன்னு பாக்கறீங்க. அது வேற துரு. உக்காருங்க. கடிகாரக்காரர் கடை பூட்டிக் கெடந்தா என்னை எதுக்கு முறைக்கறீங்க? நானா பூட்டினேன்? உங்க வாட்சை ரிப்பேர் பண்ண எனக்குத் தெரியாது, எனக்குக் குடைதான் தெரியும். ஆனா அந்த மனுஷன் கதை என்னை விட்டா இந்த பில்டிங்ல ஒருத்தருக்கும் ஒழுங்காத் தெரியாது.

பாருங்க, படிக்கட்டுக்கு அடியில அவர் கடை. உள்ள உக்காந்தா முழங்கால் வெளிய நிக்கும். ஆனாலும் நல்ல யாவாரம். ஏன்? பஸ் ஸ்டாப் அப்போ இதே வாசல்ல இருந்துச்சு. பஸ்ஸுக்கு நிக்கறவன்தான் மணி பாப்பான். பாத்தாத்தானே வாட்சு நின்னது தெரியும்? வீட்ல படுத்திருக்கறவனுக்கு வாட்சு ஓடினா என்ன, நின்னா என்ன!

அப்படி இருக்கச்சே, நம்ம கவுன்சிலருக்குத் திடீர்னு பொதுஜனத்து மேல பாசம் பொங்கிடுச்சு. இங்க நெரிசலாம். ஸ்டாப்பைத் திருப்பம் தாண்டி, மூடின மில்லோட மதில்கிட்ட மாத்தப் போறாராம். மதிலுக்கு எதிர்ல அவர் மச்சான் புதுசா கடை கட்டிட்டிருந்தாரே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல! சேச்சே, நாக்கு அழுகிடும்!

ஸ்டாப் போனா கடிகாரக்காரருக்கு யாவாரமும் போச்சு. கடை போச்சுன்னா மக வீடுதான் கதி. மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனா விடிஞ்சா "மாமா, இன்னிக்கு உங்களுக்கு என்ன வேலை?"ன்னு ரொம்பப் பணிவாக் கேப்பார். அந்தப் பணிவுக்குப் பயந்தே இவர் அங்க ராத்தங்க மாட்டார்.

ஓடினார் கவுன்சிலர்கிட்ட. அவர் சொன்னது: "வியாபாரிங்க எல்லாரும் ஒரே இடத்தைச் சொல்லி மனு கொடுங்க. அங்கயே வெச்சுடறேன்." சிரிச்சுக்கிட்டே சொன்னாராம். சிரிக்காம? எங்க ஒத்துமை அவருக்குத் தெரியாதா? பொது வாசல்ல ஒரு பல்பு மாட்டணும்னு கூடிப் பேசி, கடைசியில இருந்த பல்பையும் கழட்டினவங்க நாங்க!

இவர் அசரலையே. ஒத்தக் கண்ணுல அந்தப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டே என்கிட்ட சொன்னார்: "அண்ணே, வாட்சுக்குள்ள பாருங்க. ஒண்ணு இப்படிச் சுத்துது, ஒண்ணு அப்படிச் சுத்துது. அதனாலதான் முள்ளு நகருது. எல்லாரையும் கோத்துடலாம்." அடேங்கப்பா! கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஒவ்வொரு கடையா ஏறினார். கூல்டிரிங்ஸ் கடை அக்காவுக்கு ஸ்டாப்ல நிழலே கூடாது. வெயில் பட்டாத்தான் தாகமெடுக்கும். செருப்புக்கடைக்காரருக்கு பெஞ்சு கூடாது. உக்காந்தா செருப்பு எப்படித் தேயும்? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருக்காரே, மகா மனுஷன்... பஸ் நேரம் போடற போர்டுல எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கணும்னார். எல்லாம் வெறும் சுயநலம் தம்பி! நான் ஒருத்தன்தான் பொதுநலமாப் பேசினேன். மேல கூரை வேணாம்னேன். ஜனங்க மழையை அனுபவிக்கட்டுமே?

எல்லாத்துக்கும் தலையாட்டினார் மனுஷன். அப்புறம்தான் சிக்கல். ஸ்டாப் எந்தக் கடைக்கு நேரா? அக்கா சொல்லுச்சு, "ஐயோ, பஸ் நின்னா என் போர்டு மறைஞ்சிடும். செருப்புக்கடை முன்னாடி நிக்கட்டும்." செருப்புக்கடைக்காரர், "எனக்கு எதுக்குப் புகை? கண்ணாடிக்கடைக்காரர் முன்னாடி நிக்கட்டுமே." எல்லாருக்கும் பஸ்ஸுல இறங்கற ஆள் வேணும், பஸ் வேணாம். நானா? நானும்தான் வேணாம்னேன். குடையை விரிச்சுக் காயவைக்க எடம் வேணாமா?

ஒவ்வொருத்தர் காதுலயும் இவர் தனித்தனியா ஓதினார்: "கவலைப்படாதீங்க. உங்க கடை முன்னாடி நிக்காது." சொன்னபடியே மனுவும் எழுதினார், "எந்தக் கடைக்கும் முன்னால் வராத இடத்தில்"னு. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம் தம்பி! பேனாவை ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் பிடுங்கிப் போட்டோம். சரித்திரத்துலயே மொதல் தடவை! கடிகாரக்காரர் கண்ணு கலங்கிடுச்சு.

கவுன்சிலர் மனுவைப் படிச்சார். மறுபடியும் படிச்சார். எழுந்து போய் ஜன்னல் வழியா தெருவைப் பாத்தார். தெரு முழுக்க ரெண்டு பக்கமும் கடை. கடையில்லாத ஒரே எடம்...

ஆமா. மில்லு மதில்!

கவுன்சிலர் ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். இவருக்கு அப்பத்தான் கண்ணுல இருந்த பூதக்கண்ணாடியைக் கழட்டணும்னே தோணுச்சாம். ஒவ்வொரு சக்கரமாப் பாத்த மனுஷன், மணி என்ன காட்டுதுன்னு பாக்கலையே!

ஸ்டாப் போச்சு. எங்களுக்குள்ள ஒத்துமை வந்துடுச்சு, அதையும் சொல்லணும். அக்காவும் செருப்புக்கடைக்காரரும் ஒரே பெஞ்சுல உக்காந்து அவரைத் திட்டினாங்க. நானும் சேந்துக்கிட்டேன், ஒத்துமை முக்கியமில்லையா? பாவம், மனுஷன் ஸ்க்ரூடிரைவரை எல்லாம் துணியில சுத்திட்டார். மாப்பிள்ளையும் ஆட்டோவோட வந்து, "வாங்க மாமா"ன்னு பணிவா நின்னார்.

அந்த நேரத்துல கவுன்சிலர் கார் வந்து நிக்குது! "ஐயா, நீங்க எங்க போறீங்க? தேர்தல் வருது. எங்க கூட்டணியில நாலு கட்சி, இந்த வார்டுக்காக அடிச்சுக்குது. இத்தனை வியாபாரிங்களை ஒரே கையெழுத்துல நான் நெனச்ச எடத்துக்கே தள்ளிட்டு வந்தவர் நீங்க. பேச்சுவார்த்தையை நீங்கதான் நடத்தணும்!"

இவர், "சார், நான் தோத்துட்டேன் சார்"னார்.

"அதை எதுக்கு வெளிய சொல்றீங்க?"ன்னு கதவைத் திறந்தார் அவர். ஆட்டோவா காரான்னு ஒரு நிமிஷம் யோசிச்சார் மனுஷன். மாப்பிள்ளை முகத்தைப் பாத்தார். கார்ல ஏறிட்டார்.

அங்க போயும் அதே வைத்தியம்தான். அவருக்கு வேற என்ன தெரியும்? மொதல் கட்சி, ரெண்டாவது கட்சிக்காரனுக்கு சீட்டு கூடாதுன்னுச்சு. ரெண்டாவது, மூணாவதுக்குக் கூடாதுன்னுச்சு. நாலு பேரும் சேந்து, அவரோட சொந்தக் கட்சி உட்பட, இந்தக் கவுன்சிலருக்கு மட்டும் கொடுக்கவே கூடாதுன்னாங்க. எல்லாத்துக்கும் தலையாட்டி, எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா, யாருக்கும் ஆட்சேபணையில்லாத ஒரே ஆளு அந்த ரூம்ல மிச்சம்...

சிரிக்காதீங்க தம்பி! நெசம்! பொது வேட்பாளர் அவர்தான். கவுன்சிலர் இப்போ மச்சான் கடை வாசல்ல உக்காந்து பஸ் எண்ணிட்டிருக்கார். நம்மாளு பிரச்சாரத்துக்குப் போயிருக்கார், அதான் கடை பூட்டு. மாப்பிள்ளைதான் முன்னால மைக் பிடிக்கறார். "மாமா, இன்னிக்கு எந்தத் தெரு?"ன்னு கேக்கறாராம், இப்பவும் பணிவாத்தான்.

இந்த மாதிரி ஆளுக்கு யாராவது ஓட்டுப் போடுவாங்களா, சொல்லுங்க? ஊரைக் கவுத்தவர்! ஜெயிச்சா ஸ்டாப்பைத் திரும்ப இங்கயே கொண்டாந்துடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். அக்கா காதுல நிழலில்லாம, செருப்புக்கடைக்காரர் காதுல பெஞ்சு இல்லாம...

என்ன, எழுந்துட்டீங்க? மதில்கிட்ட போய் நிக்கணுமா? சரி, போங்க, போங்க. ஒரு நிமிஷம்... இதையெல்லாம் நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. வேட்புமனுவுல அவரை முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

கூரை கண்டிப்பா இருக்காதுன்னு தனியாக் கூப்பிட்டுச் சொன்னார் தம்பி. என்கிட்ட மட்டும்!