பஞ்சுத்தாடி

பாஸ்டர், மேடை ஏறுறதுக்கு முந்தி எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். இன்னைக்குப் பெரிய வெள்ளி. சிலுவையில பேசின ஏழு வார்த்தையையும் மூணு மணி நேரம் எங்களுக்கு விளக்கப் போறீங்க. அந்த ஏழாவது வார்த்தைக்கும் பொறவு, மூச்சு அடங்கின பொறவு, அந்த உடம்பைச் சிலுவையில இருந்து இறக்கினது யாரு?

ஆமா, அரிமத்தியா யோசேப்பு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிரும். அவரு யாரு? சீஷரு, சரி. அதுக்கு முந்தி யாரு? எந்தச் சனத்துல பிறந்தவரு? இப்ப சொல்ல வேண்டாம், மனசுல வச்சுக்கிடுங்க. நான் எந்திரிக்கும்போது திருப்பிக் கேப்பேன்.

நான் வந்த காரியம் இதுதான். எனக்கு நம்ம சபை வேன் வேணும். நல்ல தோள் உள்ள வாலிபப் பையங்க எட்டுப் பேரு வேணும். பொழுது சாயறதுக்குள்ள வேணும். மிரியம் ஆன்ட்டிக்காக. இல்ல, ஈஸ்டர் சாயந்தரக் கூட்டத்துக்கு அவங்களைக் கூட்டிட்டு வாறதுக்கு இல்ல. அவங்க அதுக்கு வரமாட்டாங்க. கோவமான்னு கேக்கீங்க. கோவம் அவங்களுக்கு இல்ல, எனக்கு. கோவம்னு சொல்லுததுகூட உங்க அங்கிக்குக் கொடுக்கிற மரியாதை. சரியான வார்த்தை வேதத்துலயே இருக்கு. அருவருப்பு.

நாலு மணி நாடகம் முடிஞ்ச கையோட அனுப்புதேங்கீங்க. முடியும்போது பொழுது போயிருக்கும் பாஸ்டர். நாடகத்தைப் பத்தியும் பேசத்தான் போறேன்.

இப்ப உள்ள வாரேன், வராண்டாவுல உங்க நாடகக் கோஷ்டி நிக்கி. நம்ம ப்ரசன்னா, கிட்டார் வாசிக்கிற பையன், பஞ்சுல தாடி ஒட்டி, மூக்குல மெழுகை வச்சு வளைச்சு நிக்கான். என்னடே வேஷம்னேன். யூதன், ஆன்ட்டிங்கான். சிலுவையில அறையும்னு கத்துற கூட்டமாம். பக்கத்துல அபினவ், தாடி கிடையாது, வெள்ளை அங்கியில பளிச்சுன்னு இருக்கான். நீ யாருன்னேன். பேதுருவாம். அடுத்தவன் யோவான். அந்தால நிக்கிற பொண்ணு மரியாள். அப்ப இவங்கள்லாம் யூதங்க இல்லையாடேன்னு கேட்டேன். ப்ரசன்னா என்னைய ஒரு கோட்டி பிடிச்சவளைப் பாக்கிற மாதிரி பாத்துட்டு, ஆன்ட்டி, அவங்க நம்மாளுங்க-ங்கான்.

சிரிக்காதீங்க. எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. பொறவு நேரா உங்க அறைக்கு வந்துட்டேன். அந்தப் பயலைச் சொல்லி என்ன செய்ய? டெல்லியில பிறந்தவன், தமிழ் வேதத்தை எழுத்துக் கூட்டவும் தெரியாது. மேடையில என்ன கேக்கானோ அதுதான் அவனுக்கு வேதம். நல்லவன் எல்லாம் நம்மாளு, கத்துறவன் மட்டும் யூதன். ஆண்டவருக்குத் தாயி எந்தச் சனம், எட்டாம் நாள் அவருக்கு எந்தச் சடங்கைச் செய்தாங்க, எந்தச் சங்கீதத்தைச் சொல்லிக்கிட்டு அவரு உயிரை விட்டாரு, இதை ஒருத்தரும் அவனுக்குச் சொல்லலை. அவரு தாடியையே சிரைச்சு விட்டுட்டு நம்ம சொந்தக்காரரா ஆக்கி வச்சிருக்கோம்.

அச்சா, சரி, நீங்க இஸ்ரவேலை நேசிக்கிறவரு, அந்தக் குத்தம் உங்களுக்கு ஒட்டாதுங்கீங்க. நானும் கண்ணு இல்லாதவ இல்ல பாஸ்டர். மேடைக்குப் பின்னால நீலமும் வெள்ளையுமா கொடி தொங்குது. ஒருத்தருக்கும் ஊதத் தெரியாத ஆட்டுக்கொம்பு எக்காளம் ஒண்ணு கண்ணாடிப் பெட்டியில இருக்கு. வாசல்ல ஆளுயர பேனர், அதுல கொடியைப் போத்திக்கிட்டு மிரியம் ஆன்ட்டி. அவங்களைக் கேட்டா போட்டீங்க? வராண்டாவுல இருக்கது பயங்காட்டுற பொம்மை. மேடையில வச்சீங்களே, அது கொலுப் பொம்மை. மனுசி எங்க?

அந்த மனுசியை நான் சொல்லுதேன், கேளுங்க. மிரியம் செவுல்கர், எங்க மாடியில எதிர்வீடு. யூதச் சனம்தான், ஆனா பேச்சு மராத்தி, சீலைக்கட்டு மராத்தி, மீன்குழம்பு கொங்கணம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் மட்டும் ரெண்டு விளக்கை ஏத்தி, கையால கண்ணைப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. வீட்டுக்காரரு மத்திய சர்க்கார் வேலையில இருந்தவரு, இந்த ஊருலயேதான் அடக்கம். மகன் இஸ்ரவேல்ல, ஹைஃபாவுல. பேரன் அங்க பட்டாளத்துல. எங்க வீட்டுக்காரங்க கர்த்தருக்குள்ள போன பொறவு சாயந்தரமானா எனக்குப் போக்கிடம் அவங்க பால்கனிதான். கண்ணை மலைப்பக்கம் தூக்குற சங்கீதம் இருக்குல்லா, அதை அவங்க எபிரேயத்துல சொல்லுவாங்க, நான் தமிழ்ல சொல்லுவேன். மொழி வேற, மூச்சு விடுற இடம் ஒண்ணு. சொல்லி முடிச்சிட்டுச் சிரிப்பாங்க. லீலா, மயூர் விஹார்ல கண்ணைத் தூக்கினா காஸிப்பூர் குப்பைமலைதான் தெரியுது, அங்கேருந்து என்ன ஒத்தாசை வரும்பாங்க. மழை வந்தா நாத்தம் வரும்பேன் நான்.

இஸ்ரவேலுக்கான ஜெபக்கூட்டம்னு நீங்க அவங்களை வீடு தேடி வந்து அழைச்சீங்க. சங்கீதம் உண்டான்னு கேட்டாங்க, உண்டுன்னீங்க. அந்த ஒரு சொல்லுக்காக, இந்தச் செவ்வாய்க்கிழமை, நல்ல பட்டுச்சீலை கட்டி, என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. நீங்க என்ன செய்தீங்க? மேடை நடுவுல நாற்காலி போட்டு உக்கார வச்சீங்க. கேக்காம கொள்ளாம தோள்ல கொடியைப் போத்தினீங்க. சங்கீதத்துல ரெண்டு வரி சொல்லியிருப்பாங்க, நேரம் ஆகுதுன்னு மைக்கை வாங்கிட்டீங்க.

பொறவு அந்தக் கடிகாரப் பிரசங்கம். இஸ்ரவேல் தேவனுடைய கடிகாரம், அங்க யுத்தம் வலுக்க வலுக்க முள்ளு பன்னெண்டை நெருங்குது, வருகை சமீபம், சந்தோசப்படுங்கன்னீங்க. ஜனங்க ஸ்தோத்திரம்னு கையைத் தட்டினாங்க. பேரனைப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு ராத்திரியெல்லாம் போனைப் பாத்துக்கிட்டு இருக்கிற ஒரு கிழவியை முன்னால வச்சுக்கிட்டு! அவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு நினைச்சுத் தப்பிச்சோம்னு இருந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் பக்கத்துல குனிஞ்சு எல்லாத்தையும் ஹிந்தியில சொல்லிட்டான். அன்னைக்கு லிஃப்ட் ஓடலை, வீட்டுப் படியில பாதி ஏறும்போது கேட்டாங்க. லீலா, என் பேரன் உங்களுக்குக் கடிகார முள்ளா? ரெண்டு படி ஏறி இன்னொண்ணு கேட்டாங்க. காஸாவுல இடிஞ்ச வீட்டுக்குள்ள பிள்ளையைத் தேடிக்கிட்டு இருக்காளே ஒருத்தி, அவளும் முள்ளுதானா?

அதுக்குப் பதில் நீங்க சொல்லுங்க. அந்த நாட்டுக்காக ஜெபம் பண்ணாதீங்கன்னு நான் சொல்லலை. பண்ணுங்க, முழங்கால் தேயப் பண்ணுங்க. ரெண்டு பக்கத்துத் தாய்மாருக்கும் சேத்துப் பண்ணுங்க. செத்த பிள்ளையைக் கண்டு ஸ்தோத்திரம் சொல்லுதது ஜெபம் இல்ல பாஸ்டர், அது வேடிக்கை பாக்கிறது.

கேக்கை விட்டுட்டேன் பாருங்க. கூட்டம் முடிஞ்சதும் கேக்கு வெட்டினீங்கல்லா, மேல க்ரீம்ல அதே கொடி? அது அவங்களுக்குப் பஸ்கா பண்டிகை வாரம். புளிச்ச மாவு வீட்டுக்குள்ளகூட இருக்கக் கூடாது. திருவிருந்துக்குத் திருவிருந்து புளிப்பில்லா அப்பம், புளிப்பில்லா அப்பம்னு பிரசங்கிக்கோம். அந்த அப்பத்துக்குச் சொந்தக்காரியே வந்து உக்காந்திருக்கா, நம்ம ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. ஜெபம் பண்ணின கேக்குதான், சாப்பிடுங்கன்னு நம்ம சபை உஷாராணி நீட்டுதா. நீட்டிக்கிட்டே கேக்கா, ஆண்டவரைக் கொன்னது உங்காளுங்கதானே, நீங்கள்லாம் எப்ப மனந்திரும்பப் போறீங்கன்னு.

எனக்குப் பூமி பிளந்து என்னைய விழுங்கிராதான்னு இருந்துச்சு. ஆன்ட்டி அவ கன்னத்தைத் தட்டி, பேட்டி, மகளே, எங்க சனம் அதுக்கு ரொம்ப முந்தியே கப்பல் உடைஞ்சு கொங்கணக் கரையில ஒதுங்கிட்டு, அந்த வெள்ளிக்கிழமை நாங்க அலிபாக் பக்கம் செக்குல எண்ணெய் ஆட்டிக்கிட்டு இருந்தோம்னாங்க. உஷாராணி தட்டைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டா. அந்தக் கேக்கைத் திருப்பிக் கொடுத்தா நம்ம மனசு நோகுமேன்னு கை துடைக்கிற தாள்ல சுத்தி எடுத்துக்கிட்டாங்க. கேட்ல செக்யூரிட்டி பையாகிட்டக் கொடுத்துட்டுத்தான் படி ஏறினாங்க. யாரு மனசு நோகக் கூடாதுன்னு பாத்தது யாரு, பாத்தீங்களா?

இஸ்ரவேலை ஆசீர்வதிக்கிறவன் ஆசீர்வதிக்கப்படுவான்ங்கீங்க. அதைத்தான் நீங்க எப்பவும் சொல்லுதீங்க. ஒரு கதை சொல்லுதேன், ஒரு நிமிசம். கரோல் பாக்ல ஒருத்தன் மாடியில குடியிருந்தான். வீட்டுக்காரருதான் அவனுக்குக் கஷ்டகாலத்துல கதவைத் திறந்துவிட்டவரு. வாடகைகூடக் கேட்டதில்ல. இவன் நன்றியுள்ளவன்னு பேரு வாங்கணும்ல? வீட்டுக்காரரு போட்டோவைப் பெருசாக்கி ஹால்ல மாட்டி, சந்தன மாலை போட்டு, வாறவன் போறவனுக்கெல்லாம் காட்டி உருகினான். ஒரு நாள் அந்த வீட்டுக்காரரே படியேறி வந்து, தம்பி, ஒரு தம்ளர் தண்ணி கொடுன்னாரு. இவன் கதவைப் பாதி திறந்து, இப்ப அவருக்குப் பூசை நடக்குது, பொறவு வாங்கன்னுட்டான். உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்ட படம்! நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆசீர்வாதம் கிடைக்கும்னு நேசிக்கிறது நேசமில்ல பாஸ்டர், பேரம்.

சரி. கடிகாரத்தைப் பாக்கீங்க. நானும் அதைத்தான் பாக்கேன்.

பேனரை முதல்ல இறக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவங்க வரமாட்டாங்கன்னு சொன்னேன்லா. இன்னைக்குக் காலையில அவங்க பால் பாக்கெட் எடுக்காம வாசல்லயே கிடந்துச்சு. மறு சாவி என்கிட்டத்தான் இருக்கும். திறந்து பாத்தேன். கட்டில்ல சுவரைப் பாத்து ஒருக்களிச்சு, தூங்குத மாதிரியே கிடந்தாங்க. தொட்டா ஐஸா இருக்கு. டாக்டர் வந்து பாத்து எழுதிக் கொடுத்துட்டாரு.

உக்காருங்க. அழுறதுக்கு நேரம் இல்ல. நான் இன்னும் அழலை.

அவங்க முறையில பிரேதத்தை வச்சிருக்கக் கூடாது. இன்னைக்குப் பொழுது சாய்ஞ்சா ஓய்வுநாள், அதோட ஒட்டிப் பஸ்காவோட கடைசிப் பெருநாளும் வருது. இன்னைக்கு விட்டா அடக்கம் திங்கக்கிழமைதான். மகன் போன்ல கதறுதான். விமானம் இல்ல, வர வழியில்ல, ஆன்ட்டி, அம்மாவை அப்பா பக்கத்துல இன்னைக்கே வச்சிருங்கன்னான். அவங்க ஜனம் இந்த ஊருல கைவிரலுக்குள்ள. அதுலயும் பாதிப் பேரு பண்டிகைக்கு பம்பாய் போயாச்சு. ஒரு பெரியவரு இருக்காரு, ஜெபம் அவரு சொல்லுவாரு. அவரு தங்கச்சி வந்து, நானும் கூட நின்னு, குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுத்தியாச்சு. தூக்கத்தான் தோள் இல்ல. எங்க லிஃப்ட்ல பாடை நுழையாது, மூணு மாடியும் படி வழியாத்தான் இறக்கணும். சவ வண்டிக்காரன் ஆறு மணிக்கு மேலதான்னுட்டான்.

கீழ்வீட்டு ராமமூர்த்தி சார் இருக்காரே, முட்டி தேய்ஞ்சு கம்பு ஊணுறவரு, அவரு நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கறேன்மான்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் படியில உக்காந்திருக்காரு. அவரு ஒரு நாளும் இஸ்ரவேலுக்காகக் கொடி பிடிச்சவரு இல்ல.

இப்ப சொல்லுங்க, யோசேப்பு யாரு? ஆமா. யூதரு. ஆலோசனைச் சங்கத்துல உக்காந்தவரு. உங்க நாடகத்துல அவருக்கும் பஞ்சுத்தாடிதான் ஒட்டுவீங்க. பேதுரு ஓடிட்டாரு. தோள் கொடுக்க ஆள் இல்ல. இதே மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாஞ்சா ஓய்வுநாள், பிலாத்துகிட்டத் தைரியமாப் போயி அந்த உடம்பைக் கேட்டு வாங்கி, தன் கல்லறையைக் கொடுத்தாரு. அந்தச் சனம் நம்ம ஆண்டவரைத் தூக்கி இறக்கிச்சு. அதுல ஒருத்தியைத் தூக்கி இறக்க நமக்கு நாடகம் முடியணுமா?

மன்னிப்பெல்லாம் பொறவு கேப்போம். முதல்ல எந்திரிங்க. சிலுவை வேண்டாம், பாட்டு வேண்டாம், கொடி வேண்டவே வேண்டாம், ஒருத்தனும் போட்டோ எடுக்கக் கூடாது. தலையில ஆளுக்கொரு கைக்குட்டை, அது போதும். ஆராதனையை மூப்பர் நடத்தட்டும், இல்ல, இந்த ஒரு வருசம் ஆறு வார்த்தையோட நிறுத்துங்க. ஒப்புக்கொடுக்கிற அந்த ஏழாவதை அங்க கல்லறையில வந்து செய்வோம். ப்ரசன்னாவைக் கூப்பிடுங்க பாஸ்டர். அந்தப் பஞ்சையும் மெழுகையும் பிச்சுப் போட்டுட்டு, முகத்தைக் கழுவிட்டு, ஜல்தி வரச் சொல்லுங்க. வேன் சாவி எங்க இருக்கு? கொண்டாங்க. இன்னைக்கே. இப்பவே.