படித்தது யார்

— கைப்பிடியைத் தொடாதே. பெயிண்ட் இன்னும் காயலை.

— கதவு முழுக்கக் கறுப்பு. யாருக்கா இப்படிப் பண்ணினது?

— உங்க பெற்றோர் சங்கத்துல கேட்டுப் பாரு. போன வாரம் ஜன்னல்ல கல்லு. தினமும் போன்ல வசவு. அவங்க எடுக்கச் சொன்ன புத்தகத்தை நூலகத்துல திரும்பவும் தட்டுல வெச்சேனே, அதுக்கு மரியாதை.

— நான் சொல்றதைக் கேளுக்கா. ஒரே ஒரு பேரு. அந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போன பொண்ணு யாருன்னு சொல்லிடு. உன்னை விட்டுடுவாங்க.

— நீயா வந்தியா, அவங்க அனுப்பி வந்தியா?

— கூடப் பிறந்தவளைக் கேக்கற கேள்வியா இது?

— நாலு தெரு தள்ளி இருந்துட்டு எட்டிப் பாக்காதவ. அந்தப் போனை ஏன் என் பக்கமா தள்ளி வெச்சிருக்கே?

— மணி பாக்க.

— சுவத்துல கடிகாரம் ஓடுது.

— உனக்கு இப்பல்லாம் கயிறெல்லாம் பாம்பு.

— ரெண்டு பொண்ணுங்க ஒருத்தியை ஒருத்தி விரும்பற கதை. அதைப் படிச்ச குழந்தையை மேடையில நிறுத்தி, 'பாருங்க, கெட்டுப்போச்சு'ன்னு காட்டணும். அதானே?

— பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?

— மக சொல்லட்டும். யார் என்ன படிக்கிறாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லை.

— நூலகத்துக் காவல்காரன் அவ முதுகைத்தான் பார்த்திருக்கான். மறந்துட்டுப் போன குடையையும் நீ எடுத்து ஒளிச்சிட்டியாம். நாளைக்கு விசாரணையில வாயைத் திறக்கலேன்னா உன் வேலை போயிடும். யாரோ பெத்த பிள்ளைக்கு உனக்கென்னக்கா தலையெழுத்து?

— போனா போகட்டும்.

— கல்லுல நார் உரிச்சிடலாம், உன் வாயைத் திறக்க முடியாது. நான் கிளம்பறேன். மழை பிடிச்சிடுச்சு. கதவுக்குப் பின்னாடி தொங்கற குடையை எடுத்துக்கறேன்.

— அது வேண்டாம். நில்லு, உள்ளேயிருந்து வேற தரேன்.

— ஏன், இதுக்கென்ன?

— வைன்னா வையேன்டி.

— கைப்பிடியில மஞ்சள் நூல் சுத்தியிருக்கு.

— நான் எதுவும் சொல்லலை.

— நான் சுத்தினதுக்கா. வழுக்குதுன்னு என் மக சொன்னா, அதுக்காக. பள்ளிக்கூடத்துல யாரோ எடுத்துட்டாங்கன்னு சொன்னாளே.

— உக்காரு. குடையை இப்படிக் கொடு.

— அக்கா, இந்தப் போன்ல பதிவு பண்ண மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அழிக்கறது எப்படி?