நெடுந்தீவாரும் லண்டன் குதிரையும்

எனக்கு இப்ப ஒரு காதுதான் கேக்கும். பஸ்ஸிலை அந்தக் காதைச் சன்னல் பக்கம் வைக்கிறேல்லை, ஆக்களின்ரை பக்கம்தான் வைக்கிறனான். அண்டைக்குக் குறிகட்டுவான் துறையிலை நெடுந்தீவு வள்ளத்தாலை இறங்கின ஒருத்தர் முன் சீற்றிலை ஏறி இருந்தார், மடியிலை நெடுந்தீவு எண்டு எழுதின ஒரு ஃபைல். வேலணையிலை ஏறின நீலச் சேட்டுப் போட்டவர் பக்கத்திலை இருந்துகொண்டு, குதிரையளைக் காட்டுற வீடியோவோடை போனை நீட்டினார்.

"அண்ணை, நெடுந்தீவு ஆளே? அப்ப குதிரை தெரியும். லண்டனிலை இண்டைக்கு ரெண்டு மைல் ரேஸ். காசு கட்டப் போறன், இதிலை எது வெல்லும்?"

"நான் குதிரையிலை ஏறினதே இல்லை, தம்பி."

"உங்கடை ஊர் முழுக்கக் காட்டுக்குதிரை நிக்குதெல்லே?"

"நிக்குது, தண்ணியில்லாமல் நிக்குது. குளம் வத்தி ஒவ்வொண்டாச் செத்து விழுகுது. பவுசர் லொறியிலை தண்ணி தாங்கோ எண்டு அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் கொண்டு போறன். இது மூண்டாந்தரம்."

"அது சரி அண்ணை. உந்தக் கறுவல் நல்ல கொழுப்பு, என்ன?"

"கொழுத்ததுதான் முதல் விழும்."

"அப்ப வெள்ளை?"

"உது இப்பவே துள்ளுது, தூரம் போக ஏலாது. என்னை விடுமன்!"

"ஒண்டைச் சொல்லுங்கோ, விடுறன்."

நெடுந்தீவார் போனைப் பறிச்சுப் பாத்தார்.

"உந்த மெலிஞ்ச சிவலை. தலையைக் குனிஞ்சுகொண்டு தன்ரை பாட்டிலை நடக்குது. எங்கடை இடத்திலை உப்பிடியானதுதான் அடுத்த குளம் வரைக்கும் போய்ச் சேரும்."

"கட்டாயம் வெல்லுமோ அண்ணை?"

"வெல்லும். உதுக்குத் தண்ணி வைக்க ஆள் இருக்கு."

ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறை சீற்றுக்குப் போயிட்டார்.